வலிப்பு நின்றபின் மாத்திரையை நிறுத்தலாமா?

பூச்சிமருந்து வாங்கச் செல்லும் உழவர் மூன்று கேள்விகளைக் கேளாமல் திரும்புவதில்லை. ஏக்கருக்கு எவ்வளவு? எத்தனை நாளுக்கு ஒரு முறை? அறுவடைக்கு எத்தனை நாள் முன்னதாக நிறுத்த வேண்டும்? பயிருக்கு இடும் மருந்தில் இத்துணைக் கருத்தாக இருக்கும் நம் மக்கள், தம் வீட்டில் ஒருவர் நாள்தோறும் உண்ணும் மாத்திரையைப் பற்றி இக்கேள்விகளைக் கேட்பது அரிதாயிருக்கிறது. சிறப்பாக, வலிப்பு நோய்க்குரிய மாத்திரையை எப்போது நிறுத்துவது என்ற மூன்றாவது கேள்வி மருத்துவரிடம் செல்வதே இல்லை. "வலிப்பு வந்து ஆறு மாதமாயிற்று, இனி மாத்திரை எதற்கு?" என்று வீட்டாரே விடை கூறிக்கொள்கின்றனர்.

இந்த விடை தவறானது. சில வேளைகளில் உயிருக்கே இறுதியாவது. கள்ளக்குறிச்சிச் சமவெளியிலும் கல்வராயன் மலையிலும் உள்ள பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் இதன் காரணத்தைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

நோயின் இயல்பு

காக்காய் வலிப்பு என்று ஊரார் கூறும் நோய் மூளையில் தோன்றுவது. மூளையின் நரம்பணுக்கள் மிகச் சிறிய மின்துடிப்புக்களால் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. அத்துடிப்பு அளவு மீறிப் பல அணுக்களில் ஒருசேர எழும்போது கைகால்கள் வெட்டி இழுக்கின்றன, நினைவு தப்புகிறது. சிலருக்குக் கைகால் இழுப்பே இராது. சில வினாடிகள் விழித்தபடியே உணர்வற்று நிற்பர். அதுவும் வலிப்பே.

இது தெய்வக் குற்றமன்று; பேயின் வேலையுமன்று; தொட்டால் ஒட்டுவதுமன்று. பிறப்பின்போது குழந்தையின் மூளைக்கு நேர்ந்த ஊறு, தலையில் பட்ட அடி, பக்கவாதம், மூளைக்காய்ச்சல் முதலியவை இதற்குக் காரணமாகலாம். மற்றொரு காரணம் நம் கிராமங்களுக்கு மிகவும் நெருக்கமானது. பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் மனித மலத்தின் வழியே மண்ணிலும் நீரிலும் கலந்து, கழுவாத காய்கறியிலும் கையிலும் ஒட்டி வயிற்றை அடைந்தால், அதன் இளம்புழுக்கள் மூளையில் சென்று கட்டியாகத் தங்கிவிடும். பன்றி இறைச்சி உண்ணாதாருக்கும் இது வரும். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வேலூர் மாவட்டத்தில் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, வலிப்பு நோயாளரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்புழுவே காரணமாயிருந்தது. கழிப்பறை கட்டுவதும் அதனைப் பயன்படுத்துவதும் வலிப்பைத் தடுக்கும் பணியே என்பது இதனால் விளங்கும்.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டென்றும், நோயை முறையாகக் கண்டறிந்து மருந்தளித்தால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த 70 பேருள் நம் ஊர் நோயாளியும் ஒருவராவதும் ஆகாததும் பெரும்பாலும் மாத்திரையை உண்ணும் ஒழுங்கைப் பொறுத்தது.

இரு நோய்க்கு ஒரு மருந்து

வலிப்புக்குப் பல மருந்துகள் உள்ளன. நாம் இங்குச் சிறப்பாக எடுத்துக்கொள்வது கார்பமசெப்பின் என்னும் மாத்திரை. சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரில் கெய்கி நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஷிண்ட்லர் என்னும் வேதியியலார் 1953-இல் இதனைக் கண்டறிந்தார். முகத்தின் ஒரு பக்கத்தில் மின்னல் பாய்ந்தாற்போல் வெட்டி வெட்டி வரும் முகநரம்பு வலிக்கு இது நற்பயன் தருகிறது என்பதைச் சுவீடன் நாட்டு மருத்துவர் பிளோம் 1962-இல் வெளியிட்டார். வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் இன்றுவரை இது வழங்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது.

ஒரே மாத்திரை வலிப்பையும் வலியையும் தணிப்பது எவ்வாறு? நரம்பணுவின் சுவரில் சோடியம் என்னும் உப்புச்சத்து நுழைவதற்கு நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவை ஏரி மதகுகளைப் போன்றவை; திறந்தால் துடிப்பு எழும், மூடினால் அடங்கும். நோயுற்ற நரம்பில் இம்மதகுகள் ஓயாமல் திறந்து திறந்து மூடுகின்றன. மூளையில் இது நேர்ந்தால் வலிப்பு. முகநரம்பில் நேர்ந்தால் வலி. கார்பமசெப்பின் அம்மதகுகள் அடுத்தடுத்து விரைந்து திறவாதபடி பிடித்து வைக்கிறது.

இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். மருந்து மதகைப் பிடித்திருக்கிறதேயன்றி, உடைந்த கரையைச் செப்பனிடுவதில்லை. வலிப்பு வராமலிருப்பது நோய் நீங்கியதற்கு அடையாளமன்று. மருந்து வேலை செய்கிறது என்பதற்கே அடையாளம். பிடித்த கையைத் திடீரென எடுத்தால் தேங்கிய நீர் முன்னிலும் வேகமாகப் பாய்வது போல, மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாக வரக்கூடும். ஒரு வலிப்பு அடங்குமுன் மற்றொன்று தொடர்ந்து, நினைவு திரும்பாமலே உயிர் பிரிவதும் உண்டு.

அப்படியாயின் வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டுமோ எனின், எல்லோருக்கும் அவ்வாறன்று. பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் வலிப்பே வராதிருந்தால், மருத்துவர் நோயாளியை ஆராய்ந்து, தகுமாயின் பல மாதங்களில் சிறிது சிறிதாக அளவைக் குறைத்து நிறுத்துவார். அந்த முடிவு மருத்துவருடையது. வீட்டாருடையதுமன்று, அண்டை வீட்டாருடையதுமன்று.

உண்ணும் முறை

இம்மருந்து மருத்துவரின் சீட்டைக் கொண்டே வாங்கற்பாலது. எல்லா வலிப்பும் ஒரே வகையினதன்று. சில வகை வலிப்புக்களைக் கார்பமசெப்பின் மிகுவிக்கவும் கூடும். ஆகவே, பக்கத்து வீட்டாருக்கு நன்மை செய்த மாத்திரையை நம் வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தல் தகாது.

மருத்துவர் முதலிற் குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் சிறிது சிறிதாக உயர்த்துவார். உடல் இம்மருந்துக்குப் பழகியபின் முன்னிலும் விரைவாக அதனை அழித்துவிடுவதால், முதல் சில வாரங்களுக்குப்பின் அளவை மாற்றியமைக்க நேரும். "திரும்ப வாருங்கள்" என்று மருத்துவர் கூறுவது இதனாலேயே.

நாள்தோறும் குறித்த வேளைகளில், உணவுடனோ உணவுக்குப் பின்னரோ உண்பது நன்று. காலைக் கஞ்சியோடும் இரவு உணவோடும் சேர்த்துக்கொண்டால் மறதி ஏற்படாது. ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்தவுடன் உண்ணலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதாயின், மறந்ததை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் உண்ண வேண்டும். இரண்டையும் சேர்த்து உண்ணுதல் ஒருபோதும் கூடாது.

அட்டையில் சி.ஆர். என்னும் எழுத்துக்கள் இருந்தால், அம்மாத்திரை மெல்ல மெல்லக் கரைந்து நெடுநேரம் வேலை செய்யுமாறு அமைக்கப்பட்டது. அதனை மெல்லுவதும் பொடியாக்குவதும் ஆகா. குழந்தைகளுக்குரிய நீர்மருந்தைக் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் புட்டியை நன்கு குலுக்கி, உடன் வரும் அளவுக் கோப்பையால் அளந்து கொடுக்க வேண்டும். வீட்டுக் கரண்டி அளவாகாது.

ஒரே மருந்து பல நிறுவனப் பெயர்களில் வருகிறது. அரசு மருத்துவமனையில் ஒரு பெயரிலும் தனியார் கடையில் வேறொரு பெயரிலும் பெற்று, இரண்டையும் வேறு வேறு மருந்தென எண்ணி உண்டால் அளவு இரட்டிப்பாகும். எனவே அட்டையின் மேலுள்ள வணிகப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் படித்தறிய வேண்டும். படிக்க இயலாதவர் இரண்டு அட்டைகளையும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டிக் கேட்பது நன்று.

மழைக்காலத்து எச்சரிக்கை

கல்வராயன் மலையில் வாழ்வோர்க்கு இது சிறப்பாகப் பயன்படும். கார்பமசெப்பின் மாத்திரை ஈரத்தை உறிஞ்சிக் கெட்டியாகும் தன்மையது. ஈரமான இடத்தில் வைத்த மாத்திரை தன் பயனில் மூன்றில் ஒரு பங்கு வரை இழந்துவிடும் என்று அமெரிக்க நாட்டு மருந்துக் கண்காணிப்பு நிறுவனம் 1990-இல் எச்சரித்தது. அளவு குறையாமல் உண்டும் மழைக்காலத்தில் வலிப்பு வருமாயின், இதுவும் காரணமா என ஆராய வேண்டும். மாத்திரைகளை அட்டையினின்றும் முன்கூட்டியே பிரித்துத் தாளில் மடித்து வைத்தல் கூடாது. அடுப்படி, குளிக்குமிடம், ஓலைக்கூரையின் இடுக்கு ஆகியவை தகுந்த இடங்களல்ல. இறுக மூடும் டப்பாவில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும்.

மழையில் மலைப்பாதை தடைப்படும் நாட்களும் உண்டு. மாத்திரை தீர்ந்தபின் புறப்படுவதைவிட, பத்து நாட்களுக்குரியது கையிலிருக்கும்போதே அடுத்த தவணையைப் பெற்றுக்கொள்ளுதல் அறிவுடைமை. கரும்பு வெட்டுக்கோ, பிற மாநிலத் தோட்ட வேலைக்கோ செல்வோர், தங்கும் காலம் முழுமைக்கும் போதுமான மாத்திரைகளையும் மருத்துவரின் சீட்டையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். சீட்டு இருந்தால் எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் மருத்துவர் நோயை எளிதில் அறிந்து மருந்தளிப்பார்.

தீங்கின் அறிகுறிகள்

தொடக்க நாட்களில் தூக்கக் கலக்கம், தலைச்சுற்றல், பொருள்கள் இரண்டாகத் தோன்றுதல், தள்ளாட்டம், குமட்டல் ஆகியவை தோன்றலாம். பெரும்பாலும் இவை நாளடைவில் குறையும். குறையாவிடின் மருத்துவர் அளவை மாற்றுவார். இக்காலத்தில் டிராக்டர், கதிரடிக்கும் இயந்திரம், தீவனம் நறுக்கும் இயந்திரம் ஆகியவற்றை இயக்குதல் கூடாது.

ஆனால் பின்வரும் அறிகுறிகள் தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்: தோலில் தடிப்போ செம்படையோ கொப்புளமோ எழுதல், வாயிலும் கண்ணிலும் புண், காய்ச்சலும் தொண்டை வலியும், காரணமின்றித் தோலில் கன்றிப்போன நிறமோ இரத்தப்போக்கோ காணுதல், கண் மஞ்சளாதல். தோல் நோய் பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள் தோன்றும். ஆசிய மக்களுள் சிலருக்குப் பிறவியிலேயே அமைந்த ஒரு கூற்றினால் அது மிகக் கடுமையாகித் தோல் உரிந்து உயிருக்கு ஊறு நேரலாம். இதனை அம்மையென்று கருதி வீட்டிலேயே வைத்திருப்பது பெருந்தவறு. "இம்மாத்திரை உண்ணத் தொடங்கி இத்தனை நாளாயிற்று" என்று மருத்துவரிடம் முதலிற் கூற வேண்டும்.

முதியோர்க்கு இம்மருந்தினால் இரத்தத்தில் உப்புச்சத்துக் குறைந்து, சோர்வும் மனக்குழப்பமும் உண்டாகலாம். இரத்தக் கொதிப்புக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்போர் இதில் மேலும் கருத்தாயிருத்தல் வேண்டும்.

பிற மருந்துகளும் மதுவும்

கார்பமசெப்பின் ஈரலைத் தூண்டிப் பிற மருந்துகள் பலவற்றை விரைவில் அழியச் செய்கிறது. அவற்றுள் கருத்தடை மாத்திரையும் ஒன்று. இதனை உண்ணும் பெண் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. வேறு முறையைப் பற்றிச் செவிலியரிடம் கேட்டறிய வேண்டும். காசநோய்க்குரிய ரிபாம்பிசின், ஐசோனியசிட் ஆகியவையும், சளிக்காய்ச்சலுக்கு வழங்கப்படும் எரித்ரோமைசினும் கார்பமசெப்பினின் அளவை உடலில் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஆகவே எந்த நோய்க்கு எந்த மருத்துவரிடம் சென்றாலும், நாட்டு வைத்தியரிடம் சென்றாலும், இம்மாத்திரை உண்பதை முன்னரே கூறுதல் வேண்டும்.

நரம்பு வலிக்குக் காபாபென்டின் என்னும் வேறொரு மருந்தும் இப்போது பரவலாக வழங்கப்படுகிறது. அதுவும் வலிப்புக்கென வந்து, பின்னர் அக்கிக்குப்பின் தொடரும் வலி போன்றவற்றிற்கும் பயன்பட்டது. அது சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் கெட்டவர்க்கு அளவைக் குறைத்தாக வேண்டும். சர்க்கரை நோயினால் காலெரிச்சல் உள்ளவர்களிற் பலர்க்குச் சிறுநீரகமும் பழுதுற்றிருக்கும். அவர்கள் கடையில் தாமே கேட்டு வாங்குவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். அதனையும் திடீரென நிறுத்துதல் கூடாது.

மது இம்மருந்துகளோடு சேர்ந்தால் மயக்கம் மிகும். காபாபென்டினோடு சேர்ந்தால் மூச்சுத் தளர்வதும் உண்டு. மதுவும், மதுவைத் திடீரென விடுதலும் தாமே வலிப்பைத் தூண்டும். 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தினால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நம் மாவட்டம் மறக்கவில்லை. வலிப்புக்கு மாத்திரை உண்பவர்க்கு நல்ல சாராயம், கெட்ட சாராயம் என்ற வேறுபாடு இல்லை, இரண்டும் தீங்கே.

மறைப்பதால் வரும் கேடு

பெண்ணுக்கு வலிப்பு உண்டென்பதை வெளியிற் கூறினால் திருமணம் தடைப்படும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். நோயை மறைத்து மணம் முடிக்கின்றனர். புகுந்த வீட்டில் மாத்திரையை வெளிப்படையாக உண்ண இயலாமல் பெண் அதனை விட்டுவிடுகிறாள். பிறகு அடுப்பின் முன்னரோ கிணற்றடியிலோ வலிப்பு வந்து விழுகிறாள். நோயைவிட மறைப்பே இங்குக் கொடுமை செய்தது.

முன்னாளில் இந்துத் திருமணச் சட்டமும் வலிப்பை மணத்துக்குத் தடையாகக் கூறியிருந்தது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அச்சொல் சட்டத்தினின்றும் நீக்கப்பட்டது. சட்டம் விட்டதை நாமும் விடுதல் முறையன்றோ? உண்மையைக் கூறி மணம் செய்தால், கணவன் வீட்டாரே வேளை தவறாமல் மாத்திரையை எடுத்துக் கொடுப்பர்.

மகப்பேற்றை விரும்பும் பெண், கருவுறுமுன்னரே மருத்துவரைக் காண வேண்டும். சில வலிப்பு மருந்துகள், சிறப்பாக வால்புரோயேட் என்பது, கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியவை. கார்பமசெப்பினிலும் ஓரளவு அவ்வச்சம் உண்டு. மருத்துவர் மருந்தை மாற்றுவார் அல்லது அளவைத் திருத்துவார். போலிக் அமில மாத்திரையும் தருவார். கருவுற்றது அறிந்தவுடன் பயந்து எல்லா மாத்திரையையும் நிறுத்தினால், கடும் வலிப்பினால் தாய்க்கும் சேய்க்கும் ஒருங்கே ஆபத்து விளையும்.

வலிப்பு வந்தவிடத்துச் செய்ய வேண்டுவன

கையில் இரும்பையோ சாவியையோ திணிப்பதாற் பயனில்லை. வாயில் கரண்டியோ துணியோ நுழைத்தால் பல் உடையும், மூச்சு அடைபடும். நீரும் கொடுத்தல் கூடாது. நெருப்பு, கிணறு, இயந்திரம் ஆகியவற்றிலிருந்து அவரை அகற்றி, தலைக்கடியில் மெத்தென்ற துணியை வைத்து, கழுத்துப் பட்டியைத் தளர்த்தி, ஒருபுறமாகச் சாய்த்துக் கிடத்த வேண்டும். கைகால்களை அழுத்திப் பிடித்தல் ஆகாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலும், முதன்முறையாக வந்ததாயினும், கருவுற்றவர்க்கு வந்ததாயினும் 108 வண்டியை அழைத்தல் வேண்டும்.

பஞ்சாயத்துக்கள் செய்யத்தக்கவை

கருநாடக மாநிலத்து எலந்தூர்ப் பகுதிக் கிராமங்களில் டாக்டர் கே. எஸ். மணியும் அவருடன் பணியாற்றியோரும் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வு, விலை குறைந்த பழைய மாத்திரைகளைக் கொண்டே நாட்டுப்புறத்தில் வலிப்பைக் கட்டுப்படுத்த இயலும் என்று காட்டியது. பெருநகரமும் பெரும்பொருளும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. தவறாமல் மருந்து கிடைப்பதும் தவறாமல் உண்பதுமே வேண்டியிருந்தன. நம் மாவட்டம் 2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனியானது. 2022 ஜனவரி 12-இல் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. அரசு மருத்துவமனைகளில் வலிப்பு மருந்துகள் விலையின்றி வழங்கப்படுகின்றன. எஞ்சியிருப்பது, மருத்துவமனைக்கும் மலையூர் வீட்டுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடப்பதே.

இதில் பஞ்சாயத்து உறுப்பினர் செய்யத்தக்கவை சில உள. தம் வார்டில் வலிப்புக்கு மாத்திரை உண்போர் யாவர் என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியர் அறிந்திருக்கிறாரா எனக் கேட்டறியலாம். அவர்கள் விரும்பாதவாறு அவர்தம் பெயரைப் பிறர்முன் கூறுதல் கூடாது. மழைக்கு முன்னர்க் கூடுதல் தவணை மருந்து வழங்குமாறு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். மலையிலிருந்து பலர் தனித்தனியே இறங்குவதைவிட, ஒரே நாளில் சேர்ந்து சென்று வர ஏற்பாடு செய்யலாம். காப்புச் சுவரில்லாத பொதுக்கிணறுகளுக்குச் சுவர் எழுப்பலாம். நவம்பர் 1-ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. நவம்பர் 17 தேசிய வலிப்பு நாள். அந்தச் சபையில் செவிலியரைக் கொண்டு மேற்கூறிய முதலுதவியைச் செய்துகாட்டினால் ஊர் முழுதும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளும்.

விவசாயிகளுக்கு நாம் கூறுவது ஒன்றே. மருத்துவமனையிலிருந்து மாத்திரை வாங்கித் திரும்புமுன், பூச்சிமருந்துக் கடையில் கேட்கும் அதே மூன்று கேள்விகளை மருத்துவரிடமும் கேளுங்கள். எவ்வளவு, எத்தனை வேளை, எப்போது நிறுத்துவது? மூன்றாவது கேள்விக்கு "நான் சொல்லும்வரை" என்பது அவர் விடையாயின், அவர் சொல்லும்வரை மாத்திரை வீட்டில் இருக்கட்டும். வேளை தவறாமல் உள்ளே செல்லட்டும்.